எதிர் நாற்காலியும் பக்கத்துக் கட்டிலும்

(வாசகர் கேள்வி – பதில்)

போன இதழில் 'மைண்ட்ஹன்டர்' தொடரின் முதல் சீசனைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். வழக்கமாகத் தூக்கமின்மை, மாத்திரை, மாமியார் பிரச்சனை என்று வரும் கடிதங்களுக்கு நடுவே இந்த முறை பாதிக்கு மேல் அந்தத் தொடரைப் பற்றியே வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த பத்து எபிசோட். கதை நடப்பது 1970களின் கடைசியில், அமெரிக்காவில். எஃப்.பி.ஐ.யின் குவாண்டிகோ பயிற்சி மையத்தில் ஓர் அடித்தள அறை. ஹோல்டன் ஃபோர்டு என்ற இளம் அதிகாரியும் பில் டென்ச் என்ற அனுபவசாலியும், பல கொலைகள் செய்து சிறையில் இருப்பவர்களைத் தேடிப் போய் 'ஏன் செய்தாய், எப்படி யோசித்தாய்' என்று கேட்டு டேப்பில் பதிவு செய்கிறார்கள். வெண்டி கார் என்ற உளவியல் பேராசிரியை அவர்களோடு சேர்கிறார். ஜான் டக்ளஸ் என்ற நிஜ அதிகாரி, மார்க் ஓல்ஷேக்கருடன் சேர்ந்து 1995ல் எழுதிய புத்தகம்தான் அடிப்படை. கடைசிக் காட்சியைப் பற்றியும் பேசப் போகிறேன். இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

சிஸ்டர், பேய்ப் படமெல்லாம் சாதாரணமாகப் பார்க்கிறவன் நான். இந்தத் தொடரில் ரத்தமே அதிகம் இல்லை. ஆனால் எட் கெம்பர் வரும் எபிசோட் பார்த்த அன்று விளக்கை அணைக்க முடியவில்லை. ஏன்?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

தம்பி, நீங்கள் சரியாகத்தான் பயந்திருக்கிறீர்கள். முதல் எபிசோடின் தொடக்கத்தில் ஒருவன் தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறான். அதற்குப் பிறகு கொலைகள் போட்டோவாகவும் பேச்சாகவும்தான் வருகின்றன. டைட்டிலைக் கவனித்தீர்களா? ஒரு கை டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்து, ஸ்பூலை மாட்டி, மைக்கைப் பொருத்துகிறது. நடு நடுவே ஒரு கண் சிமிட்டும் நேரம் பிணத்தின் படம் வந்து மறைகிறது. மொத்தத் தொடரும் அதுதான். ஒரு மேஜை, ஒரு ரெக்கார்டர், எதிர் நாற்காலியில் ஒரு மனிதன்.

கெம்பர் முதலில் வரும் காட்சியில் என்ன நடக்கிறது? 6 அடி 9 அங்குல உயரமுள்ள ஓர் ஆள். பத்துப் பேரைக் கொன்றவர். வந்து உட்கார்ந்ததும் ஹோல்டனிடம் முட்டை சாண்ட்விச் சாப்பிடுகிறீர்களா என்று உபசரிக்கிறார். குரல் உயர்வதே இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல, வார்த்தையைத் தேர்ந்தெடுத்துப் பேசுகிறார். கேமரூன் பிரிட்டன் என்ற நடிகர் கண்ணைக்கூட அதிகம் அசைப்பதில்லை. 1984ல் நிஜக் கெம்பர் சிறையில் கொடுத்த பேட்டி பதிவாகியிருக்கிறது. அதே நிதானம், அதே கண்ணாடி, படித்தவர்களின் அதே பேச்சு. அந்தப் பாத்திரத்துக்காக பிரிட்டன் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

உங்களைத் தூங்கவிடாமல் செய்தது எது தெரியுமா? அவரை உங்களுக்குப் பிடித்துப் போனது. பத்து நிமிஷத்தில் 'நல்லா பேசறாரே' என்று தோன்றியிருக்கும். அப்புறம்தான் அவர் எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று உறைத்திருக்கும். முப்பத்தொரு வருஷம் மனநல வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன்: கத்துகிறவரிடம், நாற்காலியைத் தூக்கி எறிகிறவரிடம் எங்களுக்குப் பயம் கிடையாது. அவர் கஷ்டப்படுகிறார், அவ்வளவுதான். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யாதவர்கள். இதை ஒவ்வொரு இதழிலும் எழுதச் சொன்னாலும் எழுதுவேன். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, நாம் கேட்க விரும்புவதைக் கண்டுபிடித்து அதையே நமக்குப் பரிமாறுகிறவரிடம்.

கெம்பரின் நிஜ வாழ்க்கையில் இதற்குக் கொடுமையான சான்று உண்டு. 1964ல், 15 வயதில், தாத்தா பாட்டியைச் சுட்டுக் கொன்றார். அட்டாஸ்கடேரோ என்ற அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே சமர்த்துப் பிள்ளையாக இருந்து, மற்ற நோயாளிகளுக்கு உளவியல் சோதனை நடத்துவதற்கே உதவியாளர் ஆகிவிட்டார். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் 'நார்மல்' என்று எழுதுவார்கள் என்பது மனப்பாடம். 1969ல் வெளியே வந்தார். 1972 நவம்பரில், இவர் திருந்திவிட்டார் என்ற மருத்துவர்களின் கருத்தை ஏற்று, அவருடைய பழைய குற்றப் பதிவையே முத்திரையிட்டு மூடினார்கள். அதற்குள் மூன்று இளம்பெண்களைக் கொன்றிருந்தார். ஒருத்திக்கு வயது 15. 1973ல் தன் தாயையும் தாயின் தோழியையும் கொன்றுவிட்டு, தானே போலீஸுக்கு போன் செய்து சரணடைந்தார்.

விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்குங்கள் தம்பி, ஒன்றும் தப்பில்லை. ஒரே ராத்திரியில் பத்து எபிசோடையும் மட்டும் பார்க்காதீர்கள்.

பல எபிசோடுகளின் தொடக்கத்தில் ஒரு மீசைக்காரர் வந்து போகிறாரே, கதையோடு சேரவே இல்லையே? மூன்றாவது சீசன் வருமா?
– வாசகி, ஈரோடு

அவர் டென்னிஸ் ரேடர். கன்சாஸில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்றவர். வீடுகளுக்குத் திருட்டு எச்சரிக்கை மணி பொருத்தும் கம்பெனியில் வேலை. கதை நடக்கும் காலத்தில் அவரை யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஹோல்டனின் கதையோடு அவர் ஒட்டுவதே இல்லை. 2005ல்தான் பிடிபட்டார், டி.வி. நிலையத்துக்கு அவரே அனுப்பிய ஒரு ஃபிளாப்பி டிஸ்க்கால். உள்ளே சிலர் உட்கார்ந்து 'கொலைகாரன் இப்படித்தான் இருப்பான்' என்று வகை பிரித்துக்கொண்டிருக்கும்போது, வெளியே ஒருவன் கதவைத் தட்டிவிட்டு வேலை பார்க்க உள்ளே போகிறான். எனக்கு அந்தச் சின்னத் துண்டுகள்தான் தொடரின் மனசாட்சி என்று தோன்றுகிறது.

இரண்டாவது சீசன் 2019ல் வந்தது. மூன்றாவது இல்லை என்று 2023ல் தொடரின் இயக்குநர்களில் ஒருவரான டேவிட் ஃபிஞ்சரே சொல்லிவிட்டார்.

வெண்டி கார் நிஜமான பெண்ணா? ஆண்கள் நிறைந்த அந்த இடத்தில் ஒரு பெண் அப்படி வேலை செய்திருக்க முடியுமா?
– பட்டப்படிப்பு மாணவி, மதுரை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வெண்டி கார் கற்பனைப் பெயர். அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் ஆன் பர்ஜெஸ். தொடரில் வெண்டி உளவியல் பேராசிரியை. நிஜத்தில் ஆன் பர்ஜெஸ் ஒரு நர்ஸ். மனநல நர்ஸ். நர்சிங்கில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பாஸ்டனில் நர்சிங் பேராசிரியை. திரைக்கதை எழுதியவர்களுக்கு ஏன் அதை மாற்றத் தோன்றியது என்று புரியவில்லை. அந்த ஒரு மாற்றம் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அன்னா டோர்வ் அருமையாக நடித்திருக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நர்ஸாகவே காட்டியிருந்தால், இந்தியாவிலும் அமெரிக்காவிலும் எத்தனை இளம் நர்சுகள் அந்தத் திரையைப் பார்த்து 'இது நம்ம ஆள்' என்று நிமிர்ந்திருப்பார்கள்!

அவர் செய்த வேலையைச் சொல்கிறேன். 1972ல் பர்ஜெஸும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூகவியல் அறிஞரும் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி யார் அவசரச் சிகிச்சைக்கு வந்தாலும், எந்த ராத்திரியானாலும் இவர்களுக்கு போன் வரும். அரை மணி நேரத்துக்குள் இருவரும் போய் நிற்பார்கள். ஒரு வருஷத்தில் 146 பேர். முதல் நாளோடு விடவில்லை, பின்னாலும் தொடர்ந்து பேசினார்கள். 1974ல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள்.

அந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை நர்சிங் மாணவிகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு. கொடுமைக்கு ஆளான பெண்கள் இரண்டு விதமாக இருந்தார்கள். சிலர் அழுதார்கள், நடுங்கினார்கள், கோபப்பட்டார்கள். கிட்டத்தட்ட அதே அளவு பேர் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள், முகத்தில் ஒன்றுமே தெரியாமல். அப்படி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து 'இவளுக்கு எதுவும் நடந்திருக்காது' என்று சொல்வது உலகம் முழுக்க வழக்கம். அந்த அமைதியும் காயத்தின் ஒரு வடிவம்தான் என்று எழுத்தில், எண்ணிக்கையோடு நிறுவியவர்கள் இந்த இருவரும்.

இந்த வேலையைப் பார்த்துத்தான் ராய் ஹேசல்வுட் என்ற எஃப்.பி.ஐ. அதிகாரி பர்ஜெஸைக் குவாண்டிகோவுக்கு அழைத்தார். அங்கே ஜான் டக்ளஸும் ராபர்ட் ரெஸ்லரும் கொலையாளிகளைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். டேப் குவிந்துகொண்டிருந்தது. ஆனால் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் முறை இல்லை. பர்ஜெஸ் அதை ஆராய்ச்சியாக ஒழுங்குபடுத்தினார். தொடரிலும் வெண்டி இதற்காகத்தான் ஹோல்டனோடு மல்லுக்கு நிற்கிறார்: கேள்விப் படிவத்தை விட்டு விலகாதே, எதிரில் இருப்பவனைக் குஷிப்படுத்த அவன் பாஷையில் பேசாதே. பர்ஜெஸ், டக்ளஸ், ரெஸ்லர் மூவரும் சேர்ந்து 1988ல் வெளியிட்ட நூலில் 36 கொலையாளிகள் பற்றிய ஆய்வு இருக்கிறது. அந்த ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: அவர்களுக்குப் பலியான, தாக்கப்பட்ட 118 பேர். அந்த 118ஐயும் கணக்கில் வைத்தது, அடிபட்டவர்களிடமிருந்து தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த ஒருத்தியின் கண் என்று நினைக்கிறேன்.

முடியுமா என்று கேட்டீர்கள். முடிந்தது. எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 2021ல், தன் கதையைத் தானே புத்தகமாக எழுதினார். 2024ல் அவரைப் பற்றி ஆவணத் தொடரும் வந்தது. தேடிப் பாருங்கள்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. குழந்தைகளின் காலில் கிச்சுக்கிச்சு மூட்டிக் காசு கொடுக்கும் தலைமை ஆசிரியர் கதையைப் பார்த்து மனசு கலங்கிவிட்டது. ஹோல்டன் செய்தது சரியா?
– ஆசிரியை, திருவண்ணாமலை

அம்மா, உங்களுடன் இருப்பவர்களும் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்பார்கள். ரோஜர் வேட் என்ற அந்தத் தலைமை ஆசிரியர் குழந்தைகளின் பாதத்தில் கிச்சுக்கிச்சு மூட்டி ஒரு சில்லறைக் காசு கொடுக்கிறார். கேட்டால் 'அன்பு' என்கிறார், நிறுத்த மறுக்கிறார். குற்றம் எதுவும் நடக்கவில்லை, இது நம் வேலை இல்லை என்று பில்லும் வெண்டியும் சொல்கிறார்கள். ஹோல்டன் விடவில்லை. தலைமை ஆசிரியரின் வேலை போகிறது. பிறகு அவர் மனைவி ஹோல்டனின் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறார்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பெற்றோரும் ஆசிரியைகளும் நிறுத்தச் சொன்ன பிறகும் ஒருவர் குழந்தைகளைத் தொடுவதை நிறுத்தவில்லை என்றால், அவர் அந்த நாற்காலியில் இருக்கக் கூடாது. அவர் பின்னால் என்ன ஆவார் என்று ஆருடம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இன்றைக்கு அவர் செய்வது போதும்.

ஹோல்டன் தப்பு செய்வது வேறு இடத்தில். சிறையில் இருக்கும் கொலைகாரர்களின் வாழ்க்கையைப் பின்னோக்கிப் படித்தவன், அந்தக் கணக்கை முன்னோக்கிப் போடுகிறான். இவன் இப்படிச் செய்கிறான், ஆகவே நாளைக்கு அப்படி ஆவான் என்று. அந்த 36 பேரோடு ஒப்பிட, அதேபோன்ற பிள்ளைப்பருவம் இருந்தும் யாரையும் தொடாமல் வாழ்ந்தவர்கள் அந்த ஆய்வில் இல்லை. கெம்பரின் தாய் அவரை இழிவுபடுத்தினார் என்கிறார்கள். இருட்டு அறையில் பூட்டப்பட்ட, தினமும் திட்டு வாங்கிய எத்தனையோ பிள்ளைகள் வளர்ந்து என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் கொலைகாரர் இல்லை. தபால்காரர், டெய்லர், என்னோடு வேலை பார்த்த ஒரு நர்ஸ். இந்த வேறுபாட்டை உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்காக நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பள்ளியிலேயே ஏதோ உறுத்துகிறது என்று கடிதத்தின் கடைசி வரி சொல்கிறது. நம் நாட்டில் 2012ன் போக்சோ சட்டம் 19வது பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று தெரிந்தால் சொல்ல வேண்டியது நம் கடமை. 1098க்கு போன் செய்யுங்கள். நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. குழந்தையைத் துருவித் துருவிக் கேள்வி கேட்காதீர்கள், அது சொல்வதைக் கேட்டு அதன் வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

நான் மனநல வார்டில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கடைசிக் காட்சியில் ஹோல்டன் தரையில் விழுந்ததும் நானும் அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் நோயாளிகளின் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எப்படித் தாங்கினீர்கள், சிஸ்டர்?
– நர்ஸ், வேலூர்

கண்ணம்மா, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

அந்தக் காட்சிக்கு முன்னால் ஹோல்டன் ஒவ்வொருவராக இழந்துகொண்டே வருகிறான். காதலி டெப்பியோடு பிரிவு. பில்லோடு சண்டை. வெண்டிக்கு நம்பிக்கை போய்விட்டது. விசாரணைக் குழுவின் அறையிலிருந்து எழுந்து போகிறான். பேசிச் சரிசெய்ய யாரும் மிச்சமில்லாத நாளில், மணிக்கட்டை அறுத்துக்கொண்டு மருத்துவமனையில் கிடக்கும் கெம்பரைப் பார்க்கத் தனியாகப் போகிறான். ஏன் வந்தாய் என்று கெம்பர் கேட்டால், அவனிடம் பதில் இல்லை. கெம்பர் கட்டிலை விட்டு இறங்கி வழியை மறித்து நிற்கிறார். உன்னைக் கொல்வது எனக்கு ஒரு நொடி வேலை என்று சொல்லிவிட்டு, கட்டி அணைக்கிறார். ஹோல்டன் திமிறிக்கொண்டு ஓடி, வராண்டாவில் மூச்சுத் திணறி விழுகிறான். அவன் விழுந்ததற்கு அந்த அணைப்பு கடைசிக் காரணம்தான். அதுவரை கேட்டதையெல்லாம் அவன் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.

நிஜத்திலும் இதற்கு வேர் இருக்கிறது. ரெஸ்லர் ஒரு முறை கெம்பரோடு தனியாக அறையில் இருந்தார். வெளியே போகக் காவலரைக் கூப்பிட மணியை அழுத்தினார், யாரும் வரவில்லை. அவருடைய பயத்தைப் பார்த்த கெம்பர், காவலர் வருவதற்குள் உன் தலையைத் திருகி மேஜையில் வைத்துவிடுவேன் என்றாராம். அதன் பிறகுதான் யாரும் தனியாகப் பேட்டிக்குப் போகக் கூடாது என்று விதி வந்தது. டக்ளஸின் கதை வேறு. 1983 கடைசியில் இன்னொரு கொலை வழக்குக்காக சியாட்டில் போனவர், ஹோட்டல் அறையில் மயங்கிக் கிடந்தார். சகாக்கள் கதவை உடைத்துத் தூக்கினார்கள். மூளைக் காய்ச்சல், கோமா. வைரஸ்தான் காரணம் என்றாலும், வேலைப் பளு தன் உடம்பைத் தின்றுவிட்டது என்றே அவர் எழுதுகிறார்.

நான் எப்படித் தாங்கினேன்? நான் தனியாகத் தாங்கவில்லை. 1980ல் ஆண்கள் வார்டில் முதல் போஸ்டிங். எங்கள் சீனியர் அக்கா ஒருவர், டூட்டி முடிந்து அடுத்த நர்சிடம் பொறுப்பை ஒப்படைத்த பிறகு பத்து நிமிஷம் என்னை விடமாட்டார். ரிப்போர்ட் புக்கை மூடி வைத்துவிட்டு, 'இப்ப புக்குல எழுதாததைச் சொல்லு' என்பார். யார் சொன்னது உறுத்தியது, யார் மேல் கோபம் வந்தது, யாரைப் பிடித்தது. அதைச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறுவேன். நீயும் அப்படி ஓர் ஆளைப் பிடித்துக்கொள். உன் வார்டில் இல்லையென்றால் பக்கத்து வார்டில் தேடு. குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்து, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் போனால், நீயே ஒரு மனநல மருத்துவரைப் பார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நானும் ஒரு முறை போயிருக்கிறேன்.

அந்தப் பத்து நிமிஷம் எதற்கு என்று எனக்குப் புரிந்த நாளைச் சொல்கிறேன். கோர்ட்டிலிருந்து அப்சர்வேஷனுக்கு அனுப்பிய ஒருவர் வார்டில் இருந்தார். மனைவியைக் கொன்ற வழக்கு. 'சாப்பிட்டீங்களா சிஸ்டர்?' என்று தினமும் கேட்பார். எனக்குத் தலைவலி என்றால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஒரு நாள், 'இந்த இடத்துல நீங்க ஒருத்தர்தான் என்னைப் புரிஞ்சிக்கிட்டீங்க' என்றார். எனக்கு இருபத்திரண்டு வயது. அன்றைக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பத்து நிமிஷத்தில் அக்காவிடம் அதைத்தான் பெருமையாகச் சொன்னேன்.

அக்கா திட்டவில்லை. 'அவரோட பக்கத்துக் கட்டில்ல யாரு?' என்று கேட்டார். எனக்கு முகம் நினைவுக்கு வந்தது, பெயர் வரவில்லை. வாய் பேசாத ஒரு பெரியவர். பல வருஷமாக அங்கேயே இருப்பவர். 'நாளைக்கு நாலு மணிக்கு அவரை மட்டும் பாரு' என்றார்.

சாயங்காலம் நாலு மணிக்கு வார்டில் டீயும் ஒரு பன்னும் கொடுப்பார்கள். மறுநாள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பெரியவர் பன்னை வாங்கினார். வாயில் வைக்கவில்லை. பக்கத்துக் கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பழகிப் போன கையால் அதை அந்த மனிதரின் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு, வெறும் டீயைக் குடித்தார். அவர் கை முட்டிக்கு மேலே பழைய கிள்ளல் தழும்புகள் வரிசையாக இருந்தன. மூன்று வாரமாக அந்தக் கட்டிலுக்கும் நான்தான் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ராத்திரியே டாக்டரிடம் சொல்லி, பெரியவரின் கட்டிலை எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் மாற்றினோம். அடுத்த நாள் நாலு மணிக்கு, பன்னைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அதை டீயில் தொட்டுத் தொட்டு முழுசாகச் சாப்பிட்டு முடிக்க அரை மணி நேரம் ஆனது.